விஞ்ஞானப் பெரியார் மைக்கேல் பாரடே

மக்கள் தம் வாழ்நாளில் தேர்ந்து கொள்ள வேண்டுவன பலவற்றுள்ளும் தொழிலே தலையாயது. தொழில் என்பது நாற்பது ஐம்பது யாண்டுகள் நம்மோடு உடனுறைந்து, நம் கையையும் உள்ளத்தையும் தன் வண்ணமாக்கிக் கொள்வது. திருவள்ளுவனார் பொருட்பாலில் வினைத்தூய்மை எனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்தே வினைத்திட்பத்தை வைத்தார். செய்யப்படும் வினை தூயதாதல் முன்னும், அதனைச் செய்து முடிக்கும் உறுதி பின்னும் வேண்டப்படும் என்பது அவ்வைப்பு முறையானே விளங்கும்.

நாம் ஆசிரியத் தொழிலில் இருப்பவராதலின், பள்ளியிறுதித் தேர்வு முடிந்ததும் நம் மரபினராகிய பெற்றோர் பலர் நம்பால் வந்து, பிள்ளையை எந்தப் படிப்பில் விடலாம் என வினவுவதுண்டு. பொறியியலோ, மருத்துவமோ, கணிப்பொறிக் கல்வியோ எதுவாயினும், அவர்கள் முதற்கண் கேட்பது எவ்வளவு ஊதியம் வரும் என்பதே. அக்கேள்வி தவறன்று; குடும்பம் நடத்துவோர் கேட்கவேண்டுவதே. ஆயினும், அப்படிப்பைக் கொண்டு பிள்ளை எதனைச் செய்யப் போகின்றான், அதனால் யார்க்கு நன்மை, யார்க்குத் தீமை என்னும் கேள்வி மிக அரிதாகவே எழுகின்றது. அதனைத் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டு, அதற்கேற்ப நடந்து காட்டிய பெரியார் ஒருவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம். அவர் ஆங்கில நாட்டு விஞ்ஞானியாகிய மைக்கேல் பாரடே என்பார்.

இளமை

பாரடேயார் 1791-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், லண்டன் மாநகரின் தென்புறத்ததாகிய நியூயிங்டன் என்னும் இடத்திற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் என்பவர் இரும்புக் கொல்லர். பிணியால் நலிந்தவராதலின் நாடோறும் உலைக்களத்தில் நின்று உழைக்க இயலாதவர். பிள்ளைகள் நால்வருள் மைக்கேல் மூன்றாமவர். 1801-ஆம் ஆண்டில் தானிய விலை ஏறியபோது, ஒரு வாரத்திற்கு ஒரு ரொட்டி என்னும் அளவே அச்சிறுவர்க்கு உணவாகக் கிடைத்ததாம். கல்வியோ, எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்குமே.

பதின்மூன்றாம் வயதில், அதாவது 1804-இல், ரீபோ என்னும் புத்தக வணிகரிடம் ஏவலாளாகச் சேர்ந்து, செய்தித்தாள்களை வீடுதோறும் கொண்டு கொடுக்கும் வேலை செய்தார். மறு ஆண்டு அவர்பாலே புத்தகம் கட்டும் தொழிலை ஏழாண்டு பயிலும் மாணவராக அமர்ந்தார். அவரது உண்மையான உழைப்பைக் கண்ட வணிகர், வழக்கமாகப் பெறும் முன்பணத்தையும் வேண்டாது விட்டனர். கட்டுவதற்கு வந்த நூல்களைப் பாரடேயார் படிக்கவும் தொடங்கினார். பிரிட்டானிக்கா என்னும் கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய பகுதியும், ஜேன் மார்செட் என்னும் அம்மையார் எழுதிய இரசாயன உரையாடல் நூலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. படித்ததைப் படித்தவாறே நம்பாது, தம் கைச் செலவிற்கு அகப்பட்ட சிறு பொருள்களைக் கொண்டு சோதித்துப் பார்த்தனர். டேட்டம் என்பாருடைய சொற்பொழிவுகளைக் கேட்க ஒவ்வொன்றற்கும் ஒரு ஷில்லிங் கட்டணம் வேண்டியிருந்தது. அதனைக் கொல்லுத் தொழில் செய்த தமையனார் ராபர்ட் கொடுத்து உதவினார். தம்பியின் அறிவு வளர்ச்சிக்குத் தமையன் வியர்வை சிந்தி உதவிய இச்செய்தி, ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கக் குடும்பமே உழைக்கும் நம் இல்லங்களுக்குப் புதியதன்று.

டேவியாரைச் சார்தல்

1812-ஆம் ஆண்டு, கடைக்கு வரும் ஒருவர் உதவியால், ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்னும் விஞ்ஞான நிலையத்தில் ஸர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய நான்கு சொற்பொழிவுகளைக் கேட்கும் பேறு பாரடேயார்க்கு வாய்த்தது. டேவியார் அந்நாளில் ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றவர். பாரடேயார் அவற்றைக் குறிப்பெடுத்து, விரித்தெழுதி, படங்களும் வரைந்து, தம் கையாலேயே நூலாகக் கட்டி, டேவியார்க்கு அனுப்பித் தமக்கு ஒரு வேலை வேண்டினார்.

அவ்வேண்டுகோளின் காரணம் நம் கருத்திற்கு இன்றியமையாதது. வாணிகம் தந்நலமும் தீமையும் கலந்தது என்றும், விஞ்ஞானமோ தன்னைப் பயில்வோரை அன்பும் பெருந்தன்மையும் உடையவராக்குவது என்றும் அவ்விளைஞர் நம்பினார். டேவியார் இதனைக் கேட்டு நகைத்தார். விஞ்ஞானம் கடுமையான எசமானி, கூலியோ மிகக் குறைவு என எச்சரித்தார். விஞ்ஞானிகளின் ஒழுக்கத்தைப் பற்றி அவர் கொண்டிருந்த உயர்ந்த எண்ணத்தைச் சில ஆண்டுப் பழக்கமே திருத்தும் எனவும் கூறினார்.

1813-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் பாரடேயார் அந்நிலையத்தின் சோதனைச்சாலையில் உதவியாளராக அமர்ந்தார். வாரத்திற்கு 25 ஷில்லிங் கூலி. மாடியில் இரண்டு அறைகள். எரிக்க நிலக்கரியும் மெழுகுவர்த்தியும். அவ்வாண்டு இறுதியில் டேவியாருடன் ஐரோப்பியப் பயணம் சென்று 1815-இல் மீண்டார். அப்பயணத்தில் செயலாளராகவும் ஏவலாளராகவும் இருக்க நேர்ந்து, டேவியாரின் மனைவியாரால் பணியாள் போல் நடத்தப்பட்டுப் பல துன்பங்களுற்றார். எனினும் கற்பதை விட்டிலர்.

திரும்பி வந்த ஆண்டிலேயே, சுரங்கங்களில் எரிவாயு தீப்பற்றி மக்கள் மாள்வதைத் தடுக்க டேவியார் காப்பு விளக்கு ஒன்றை அமைத்தார். சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பிவலை இட்டால், வெப்பம் வலையிற் பரவி, உள்ளிருக்கும் தீ வெளியிலுள்ள வாயுவைப் பற்றாது என்பது அதன் தத்துவம். பாரடேயார் அவ்வாராய்ச்சியில் உடனிருந்து உதவினார். டேவியார் அதற்குத் தனியுரிமை பெற்றுப் பொருளீட்ட மறுத்து விட்டார். அறிவை உயிர் காக்கப் பயன்படுத்தும் வழியைப் பாரடேயார் கண்ணெதிரே கண்டது இவ்விடத்தேதான்.

ஆயினும் டேவியாரின் எச்சரிக்கையும் பொய்க்கவில்லை. 1821-இல் மின்னோட்டத்தால் ஒரு கம்பி காந்தத்தைச் சுற்றி இடையறாது சுழலுமாறு பாரடேயார் செய்து காட்டிய போது, பிறர் கருத்தைக் களவாடினார் என்னும் பழி எழுந்தது. 1824-இல் அவரை ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்க முற்பட்ட காலை, எதிர்த்து நின்றவர் அச்சபைத் தலைவராயிருந்த டேவியாரே. விஞ்ஞானிகளின் மனம் எத்தகையது என்பதை அனுபவம் காட்டும் என்று சொன்னவரே அவ்வனுபவமாயினார். பாரடேயார் தேர்ந்தெடுக்கப்பட்டார், தம் ஆசிரியரைப் பின்னரும் நன்றியோடே நினைந்தார். ஆனால் ஓர் உண்மை அவர்க்குத் தெளிந்திருத்தல் வேண்டும். நல்ல தொழிலிற் புகுந்த மாத்திரத்தானே ஒருவன் நல்லவனாகி விடான். புகுந்த பின்னும் நாடோறும் தேர்ந்துகொண்டே இருத்தல் வேண்டும்.

இரு வழிகள்

1825-இல் சோதனைச்சாலைத் தலைவரான பின், தொழிற்சாலையாரும் வணிகரும் அவரை நாடினர். பொருள்களைச் சோதித்துக் கூறுதல், நீதிமன்றத்தில் நிபுணராகச் சான்று பகர்தல் முதலியவற்றால் 1830-இல் அவர்க்குக் கிடைத்த வருவாய் ஆயிரம் பவுனுக்கு மேற்பட்டது. ராயல் இன்ஸ்டிட்யூஷன் அவர்க்களித்த சம்பளமோ ஆண்டிற்கு நூறு பவுன். அவ்வணிகத் தொழிலை விரித்திருந்தால் வருவாய் பன்மடங்காகியிருக்கும்.

1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், இரும்பு வளையம் ஒன்றில் இரு கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடுத்தும் அறுத்தும் பார்த்தார். அத்தொடுக்கும் நொடியிலும் அறுக்கும் நொடியிலும் மற்றைச் சுருளிலும் மின்னோட்டம் தோன்றக் கண்டார். அடுத்த இரு திங்களுக்குள், பெருங்காந்தத்தின் இருமுனைகட்கிடையே செப்புத் தட்டொன்றைச் சுழற்றி, ஓயாத மின்னோட்டத்தைப் பெற்றார். இற்றை நாள் மேட்டூரிலும் பிற இடங்களிலும் நீராலோ நீராவியாலோ சுழன்று மின்சாரம் தரும் பொறிகளெல்லாம் இத்தத்துவத்தின் வழிவந்தனவே.

இப்போது அவர் முன் இரு வழிகள் நின்றன. இவ்வாராய்ச்சியைத் தொடர நேரம் வேண்டும். அந்நேரத்தையே வணிகர் விலை பேசினர். செல்வமா, விஞ்ஞானமா என்பதைத் தாம் முடிவு செய்ய நேர்ந்ததெனப் பிற்காலத்தில் ஜான் டிண்டல் என்னும் நண்பரிடம் அவர் கூறியதுண்டு. 1832-இல் அத்தொழிலால் வந்த வருவாய் ஏறக்குறைய 155 பவுனாகக் குறைந்தது. சில ஆண்டுகளில் பெரும்பாலும் அற்றே போயிற்று. பாரடேயார் கைவிட்ட செல்வம் வாழ்நாள் முழுமைக்கும் ஒரு லட்சத்து ஐம்பதினாயிரம் பவுன் ஆகும் என டிண்டல் கணக்கிட்டார்.

மக்கட்பேறில்லாத ஒருவர்க்கு இது எளிதன்றோ எனச் சிலர் வினவலாம். அவர் தம் மனைவியார் ஸாராளுடன் மகவின்றியே வாழ்ந்தது உண்மை. ஆயினும் அவர் வறுமையை விரும்பினவர் அல்லர் என்பதை நாம் மறத்தலாகாது. முதுமையுற்ற அன்னையாரைத் தாங்கினார். 1830 முதல் 1851 வரை உல்விச்சு நகரத்து இராணுவக் கல்லூரியில் இரசாயனம் கற்பித்து ஆண்டிற்கு 200 பவுன் பெற்றார். 1835-இல் அரசாங்கம் உபகாரச் சம்பளம் தரக் கருதிய போது, முதலமைச்சர் மெல்போர்ன் பிரபு அத்தகைய சம்பளங்களை இழிவாகப் பேசினமையால் உடனே மறுத்தார். அமைச்சர் எழுத்தால் வருத்தம் தெரிவித்த பின்னரே ஆண்டிற்கு 300 பவுன் பெற இசைந்தார். எவ்வளவு போதும் என்பதை அறிந்து, அதற்கு மேற்பட்ட பொருளுக்காகத் தம் நாட்களை விற்க மறுத்தமையே அவரது துறவு. செல்வம் குவித்தல் தகாது என்னும் ஸாண்டிமேனியர் என்ற சிறு கிறிஸ்தவக் கூட்டத்தாரைச் சார்ந்தவராதலின், இக்கொள்கை அவர்க்குப் பிறந்த வீட்டிலேயே வந்ததாகும்.

கடலும் சுரங்கமும்

வணிகர்க்குக் கொடாத நேரத்தை அவர் ஆராய்ச்சிக்கு மட்டும் வைத்துக் கொண்டாரல்லர். 1836-இல் கலங்கரை விளக்கங்களைப் புரக்கும் டிரினிடி ஹவுஸ் என்னும் கழகத்திற்கு விஞ்ஞான ஆலோசகராகி, 1865 வரை ஏறத்தாழ முப்பதாண்டு உழைத்தார். எண்ணெய் விளக்குகள் எரியும்போது எழும் நீராவி கண்ணாடியிற் படிந்து, குளிர்காலத்தில் உறைந்து, ஒளியை மறைத்தது. அவ்வொளியை நம்பி வரும் மாலுமியர்க்கு அது உயிர்க்கேடு. பாரடேயார் புகையையும் ஆவியையும் குழாய் வழியே வெளியேற்றும் போக்கி ஒன்றை அமைத்தார். அதன் தனியுரிமையைத் தமக்கென வைத்துக் கொள்ளாது, இளமையில் ஷில்லிங் கொடுத்துதவிய தமையனார் ராபர்ட்டுக்கே விட்டுக் கொடுத்தார்.

1858-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், டோவர் நகரை அடுத்த சவுத் போர்லண்டு விளக்கத்தில், ஹோம்ஸ் என்பார் செய்த பொறியால் மின்னொளி ஏற்றப்பட்டது. அப்பொறி 1831-இல் பாரடேயார் கண்ட தத்துவத்தாலேயே இயங்கியது. 1860 பிப்ரவரியில் பனி பெய்து சாலைகள் அடைபட்ட காலத்தும், 68 வயதினராகிய அவர் வேலிகளையும் வயல்களையும் கடந்து சென்று அவ்வொளியைச் சோதித்தார். பொருளுக்காகத் தொடங்காத ஆராய்ச்சி, கடலிற் செல்வார்க்கு விளக்காய் நின்றதை அவர் தம் கண்ணாற் கண்டார்.

1844 செப்டம்பர் 28-ஆம் நாள் டர்ஹம் வட்டாரத்து ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து, ஆடவரும் சிறுவருமாக 95 பேர் மாண்டனர். அரசாங்கத்தார் பாரடேயாரையும் நிலநூல் வல்லாராகிய சார்லஸ் லயலையும் விசாரணைக்கு அனுப்பினர். சுரங்கத்தினுள் காற்றோட்டத்தை எவ்வாறு அளக்கின்றீர் எனப் பாரடேயார் வினவ, அங்கிருந்தவர் ஒரு சிட்டிகை வெடிமருந்தை மெழுகுவர்த்திச் சுடரில் தூவிப் புகையின் போக்கைக் காட்டினார். அம்மருந்தை எங்கே வைத்துள்ளீர் என வினவிய போது, அவர் அமர்ந்திருந்த பையே அது எனத் தெரிய வந்தது. ஏழை மக்களின் உயிர் எத்துணை அலட்சியமாக ஓம்பப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ!

தோண்டிக் கைவிட்ட வெற்றிடங்களில் தேங்கும் வாயுவை வெளியேற்ற வேண்டுமென்றும், வெடி பரவியதற்கு வாயுவோடு கரித்தூளும் காரணமென்றும் அவ்விருவரும் அறிக்கை தந்தனர். உரிமையாளர் செலவு முதலிய தடைகளைக் காட்டி ஏற்றுக் கொண்டிலர். கரித்தூளின் கொடுமையைச் சுரங்கத்துறையார் முற்றும் உணரப் பல பதிற்றாண்டுகள் சென்றன. உண்மையை ஆராய்ந்து கூறும் விஞ்ஞானியின் கடமையோடு, அதனைக் கேட்டு நடக்கும் ஆளுவோர், முதலாளிகளின் கடமையும் சேர்ந்தாலன்றி உயிர்கள் பிழையா என்பது இதனால் அறியத்தகும்.

தேம்ஸ் ஆற்றின் அழுக்கைப் பற்றியும் அவர் வாளாவிருந்திலர். 1855 ஜூலையில் படகிற் செல்லுங்கால், வெள்ளை அட்டைத் துண்டுகளை நீரிலிட்டு, அவை சிறிது ஆழ்வதற்குள் மறைந்து போதலைக் கண்டு, செய்தித்தாளுக்கு எழுதி நகர மக்களை எச்சரித்தார். மூன்றாண்டிற்குப் பின் அவ்வாற்றின் நாற்றம் பாராளுமன்றத்தையே தாக்கிய பிறகுதான் பெருங் கழிவுநீர்க் கால்வாய்களுக்கு வழி பிறந்தது.

போரும் நச்சுப்புகையும்

கிரிமியாப் போர்க்காலத்தில் அரசாங்கம் நச்சுவாயு செய்து தருமாறு கேட்க, செய்ய இயலும், ஆயினும் யான் அதிற் கைவையேன் எனப் பாரடேயார் மறுத்ததாக ஒரு கதை பலராலும் வழங்கப்படுகின்றது. அக்காலத்து ஆவணங்கள் காட்டும் செய்தி அத்துணை எளியதன்று. டண்டனால்டு பிரபு என்னும் கடற்படைத் தலைவர், கந்தகத்தை மலைமலையாக எரித்து அப்புகையாற் பகைவர் கோட்டையை அழிக்கும் திட்டமொன்றை முன்வைத்தார். 1854-இல் அதுபற்றிப் பாரடேயாரின் கருத்து கேட்கப்பட்டது. கந்தகப் புகை தீங்கு செய்வது உண்மையே என்றும், ஆனால் திறந்த வெளியில் அது கருதியவாறு நிகழுமா என்பது ஐயத்திற்குரியது என்றும் அவர் எழுதினார். திட்டம் கைவிடப்பட்டது.

கதையிலுள்ள வீரமொழி இதில் இல்லையே என வருந்துவார் உளர். நாம் வருந்துகின்றிலம். அவர் இராணுவ மாணவர்க்கு இருபதாண்டு பாடம் சொன்னவர். அரசாங்கம் கேட்டபோது அறிந்ததை மறையாது கூறியவர். ஒரு நாள் ஒரு பெருஞ்சொல் சொல்லி மறுத்தார் என்பதனாலன்று அவர் வாழ்க்கை தூயதாயிற்று. தம் ஆராய்ச்சி நாட்களை அவர் எதற்குத் தந்தார், எதற்குத் தந்திலர் என்பதைக் கணக்கிட்டுப் பார்மின்! காந்தம், மின்சாரம், கலங்கரை விளக்கம், சுரங்கத் தொழிலாளர், சிறுவர்க்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவு என்றே அக்கணக்கு நீளும். கொலைக்கருவி ஒன்றினும் அவர் பெயர் இல்லை.

இதன் அருமை மற்றொன்றோடு ஒப்பிட்டால் நன்கு விளங்கும். 1823-இல் குளோரின் என்னும் வாயுவைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து அழுத்தத்தால் நீர்மமாக்கிக் காட்டியவர் பாரடேயாரே. அவ்வாராய்ச்சியில் குழாய் வெடித்துக் கண்ணிற் கண்ணாடித் துண்டுகள் தைக்கவும் பொறுத்தார். பின்னாளில் நீர்மமாக்கிய குளோரின் நகரங்களின் குடிநீரைத் தூய்மை செய்து எண்ணிறந்த உயிர்களைக் காத்தது. அதே குளோரினை உருளைகளில் அடைத்து, 1915 ஏப்ரல் 22-ஆம் நாள் பெல்ஜிய நாட்டு ஈப்ரு நகரருகே ஜெர்மானியப் படையினர் திறந்து விட்டனர். அதனை முன்னின்று நடத்திய பிரிட்சு ஹேபர், காற்றிலிருந்து உரம் செய்ய வழி கண்டு உலகிற்குச் சோறளித்த பேரறிஞர். பொருள் ஒன்றே, கல்வியும் ஒன்றே, அவற்றைக் கொண்ட கை சென்ற வழியே வேறு.

இறுதிக்காலம்

1840-ஐ அடுத்துத் தலைச்சுற்றலும் மறதியும் அவரை வருத்தின. எனினும் 1845-இல் காந்தம் ஒளியின் முனைவாக்கத் தளத்தைத் திருப்புதலைக் கண்டார். ஸர் பட்டத்தை ஏலாது, இறுதிவரை வெறும் மைக்கேல் பாரடேயாகவே இருக்க விரும்பினார். ராயல் சொசைட்டியின் தலைமையையும் மறுத்தார். 1858-இல் விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் ஓர் இல்லம் அளித்தார். அங்கே 1867 ஆகஸ்டு 25-ஆம் நாள், தம் நாற்காலியில் அமர்ந்தவாறே அமைதியாக உயிர் நீத்தார். ஹைகேட் இடுகாட்டில் ஆரவாரமின்றி அடக்கம் செய்யப்பட்டார்.

நாம் கொள்ளத்தக்கன

நம் சங்கத்து மக்களுட் பலர் இன்று விஞ்ஞானமும் பொறியியலும் கற்கின்றனர். அவர்கள் எல்லாரும் பாரடே ஆகல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. வேலைக்கு அமரும் முன் மூன்றனை எண்ணிப் பார்ப்பின் போதும். நம் கையால் ஆகும் பொருள் இறுதியில் யாரிடம் சென்று என்ன செய்யும் என்பது ஒன்று. நம் குடும்பத்திற்கு எவ்வளவு போதும் என்பது மற்றொன்று. உண்மை மேலோர்க்குக் கசப்பதாயினும் அதனைச் சொல்ல அவ்விடத்தில் இயலுமா என்பது பிறிதொன்று. இம்மூன்றையும் பெற்றோரும் பிள்ளையோடு கூடியிருந்து ஆராய்தல் வேண்டும். ஊதியத்தை மட்டும் வினவிப் பிள்ளையைத் தனியே விடுதல் அறமாகாது. ஒருமுறை தேர்ந்ததோடு அமையாது, ஆண்டுதோறும் அவற்றை மீட்டும் எண்ணுதல் நலம்.

கொல்லர் வீட்டிற் பிறந்து, புத்தகம் கட்டிப் பிழைத்த சிறுவர் ஒருவர்க்கு இது கூடிற்று. நம் இளைஞர்க்கும் கூடும். அறிவோடு அறமும் அவர்பால் ஓங்குக!